டொமைன் வாங்கி விற்கப் போகிறீர்களா? என் மூன்று வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்

மூன்று வருடத்தில் 92 டொமைன் பெயர்கள், அதாவது இணையதள முகவரிப் பெயர்கள், வாங்கினேன். விற்றது 3. செலவு 2,217 டாலர், கைக்கு வந்தது 1,474 டாலர், ஆக நஷ்டம் 743 டாலர். ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்த நேரம் இந்தக் கணக்கில் இல்லை. நான் இதில் இறங்கியபோது எனக்குத் தெரிந்தவர் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. வீட்டில் சொன்னால் "பேரை வாங்கி யாருக்கு விப்பே?" என்று கேட்பார்களே என்று பயந்து அங்கேயும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை ஒவ்வொரு பெயருக்கும் நானே கேட்டிருந்தால் 92இல் 80 பெயரை வாங்கியிருக்கவே மாட்டேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி, தொகையோடு எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு செய்தி. வாய்ஸ் டாட் காம் என்ற பெயர் 2019இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது என்று படித்தேன். வெறும் பெயருக்கு அவ்வளவு பணமா என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனமான ஒரு ரிஜிஸ்ட்ராரின் தளத்தைத் திறந்து, மனதில் தோன்றியதை எல்லாம் தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்தேன். ஒற்றைச் சொல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காது. முதல் டாட் காம் பெயர் பதிவானது 1985 மார்ச்சில். 1995 வரை பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இன்றைக்கு டாட் காமில் மட்டும் 15 கோடிக்கும் மேல் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. நல்ல ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. ஆனால் 'ஸ்மார்ட்', 'கிளவுட்', 'ஹப்' என்று ஏதாவது ஒன்றை முன்னாலோ பின்னாலோ ஒட்டினால் பச்சை நிறத்தில் 'கிடைக்கிறது' என்று வந்தது. ஒவ்வொரு பச்சைக்கும் நெஞ்சு படபடத்தது. இப்போதே எடுக்காவிட்டால் விடிவதற்குள் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். விடிந்தபோது என்னிடம் 11 பெயர்கள் இருந்தன.

இங்கே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயர் இன்னும் காலியாக இருக்கிறது என்றால், இத்தனை கோடிப் பேரில் ஒருவர்கூட இப்போது அதைப் பத்து டாலர் கொடுத்து வைத்திருக்க நினைக்கவில்லை என்று பொருள். எல்லாக் காலிப் பெயரும் குப்பை என்று சொல்லவில்லை. புதிதாக ஒரு தொழில்நுட்பம் வரும்போது, ஒரு புதுச் சொல் புழக்கத்துக்கு வரும்போது நல்லது அகப்படும். ஆனால் பச்சை நிறத்தைப் பார்த்தவுடன் வங்கி அட்டையை எடுக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். பெயரை ஒரு தாளில் எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் அது பச்சையாகத்தான் இருக்கும். என் 11 பெயர்களில் ஒன்றைக்கூட வேறு யாரும் எடுத்திருக்கப் போவதில்லை. நான் கைவிட்ட பிறகு இன்றுவரை அவை காலியாகவே கிடக்கின்றன.

அந்த 11இல் நான்கு, பெயரின் கடைசியில் டாட் காமுக்குப் பதிலாக வேறு சொல் வரும் புது எக்ஸ்டென்ஷன்கள். 2014 வாக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்தவற்றில் சில. முதல் வருடம் ஒன்றரை டாலர், இரண்டு டாலர் என்று சலுகை விலை போட்டிருந்தார்கள். டாட் காம் 10 டாலர், இது 2 டாலர் என்றால் ஐந்து மடங்கு லாபம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருடத்திலேயே அப்படி 25 பெயர்கள் சேர்த்துவிட்டேன். பதினோராவது மாதம் ரினியூவல் நினைவூட்டல் வந்தது. ஒரு பெயருக்கு 33 டாலர். ஏதோ தவறு என்று நினைத்துத் தளத்துக்குப் போய்ப் பார்த்தால், வாங்கிய பக்கத்திலேயே சலுகை விலைக்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் அந்த 33 இருந்தது. என்னை யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் படிக்கவில்லை. அந்த உண்மை இன்னும் அதிகமாக வலித்தது. குறை சொல்ல வேறு ஆளே இல்லையே.

டொமைன் என்பது நிலம் போல வாங்கிப் போட்டால் நம்முடையதாகிவிடும் சொத்து கிடையாது. வருடா வருடம் வாடகை கட்ட வேண்டும். ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருடத்துக்குக் கட்டலாம், அவ்வளவுதான். அதனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது முதல் வருட விலையை அல்ல, ரினியூவல் விலையை. டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ரார்கள் கட்டும் மொத்த விற்பனை விலை ஓர் ஒப்பந்தத்துக்குள் கட்டுப்பட்டது. 2021 வரை 7.85 டாலராக இருந்து, அப்புறம் நான்கு முறை ஏறி 2024 செப்டம்பரில் 10.26 ஆனது. அதற்கு மேல் ரிஜிஸ்ட்ரார் தன் பங்கை வைத்து நம்மிடம் வாங்குகிறார். புது எக்ஸ்டென்ஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. அதிலும் 'பிரீமியம்' என்று முத்திரை குத்திய பெயர்களில் சிலவற்றுக்கு ரினியூவலே வருடத்துக்கு நூறு டாலர், ஐநூறு டாலர் என்று போகும். அதை வாங்க வருபவரும் இதைப் பார்ப்பார் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் அந்த 25இல் 18ஐ விட்டுவிட்டு, மனசு கேட்காமல் 7ஐப் புதுப்பித்தேன். 231 டாலர். அந்த 7இல் ஒன்றும் விற்கவில்லை.

பழகியவர்கள் சொல்லும் ஒரு கணக்கை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். ஓரளவு நல்ல பெயர்களாக 100 வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும். 100 பெயருக்கு வருட வாடகையே ஆயிரம் டாலருக்கு மேல். அப்படியென்றால் அந்த ஒன்றோ இரண்டோ சேர்ந்து கமிஷன் போக ஆயிரத்தைத் தாண்டினால்தான் கையைக் கடிக்காது. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும். எனக்கு அது தோன்ற 14 மாதம் ஆனது.

மூன்றாவது மாதம் நடந்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதியே ஆக வேண்டும். எல்லோர் போனிலும் இருக்கிற ஒரு செயலியின் பெயரோடு 'டவுன்லோடு', 'ஸ்டோர்' போன்ற சொற்களைச் சேர்த்து மூன்று டாட் காம் பெயர்கள் எடுத்தேன். அந்த நிறுவனத்துக்கு இது தேவைப்படும், அவர்களே வந்து நல்ல விலைக்கு வாங்குவார்கள் என்பது என் திட்டம். வந்தார்கள். ஒரு வக்கீல் நிறுவனத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அவர்களுடைய டிரேட்மார்க் எண்கள், நான் பதிந்த தேதி, பத்து நாளுக்குள் பெயர்களை ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை. படித்து முடித்தபோது கை நடுங்கியது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இருந்தும் ராத்திரி உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன்: "மூன்றுக்கும் சேர்த்து 500 டாலர் கொடுங்கள், உடனே மாற்றித் தருகிறேன்." அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், இப்படிக் கடிதம் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அந்த அரை மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது.

டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999இலிருந்து யூடிஆர்பி என்று ஒரு முறை இருக்கிறது. டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு கொண்டுவந்தது. டாட் காம் பெயர் பதியும் எல்லோரும் அதற்குச் சம்மதித்துத்தான் பதிகிறோம், ஒப்பந்தத்தில் இருக்கிறது. டிரேட்மார்க் வைத்திருப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். பெயர் அவர்களுடைய மார்க்கைப் போலவே குழப்பும்படி இருக்கிறது, அதில் நமக்கு நியாயமான உரிமை எதுவும் இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறோம். இந்த மூன்றாவதற்கு நேரடி சாட்சியாக விதியிலேயே எழுதியிருப்பது எது தெரியுமா? மார்க்கின் சொந்தக்காரரிடமே செலவுக்கு மேல் விலை வைத்து விற்க வந்தது. இந்த முறையில் முதலில் தீர்ப்பான வழக்கே அப்படிப்பட்டதுதான். உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் பெயரை ஒருவர் டாட் காமில் பதிந்து, அவர்களிடமே விற்கப் பார்த்தார். 2000 ஜனவரியில் பெயர் பறிபோனது. யூடிஆர்பியில் பெயர் மட்டும்தான் போகும், அபராதம் கிடையாது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெயருக்கு 1,00,000 டாலர் வரை இழப்பீடு கேட்க இடம் இருக்கிறது. நான் எழுதிய பதிலை அழித்தேன். மறுநாள் காலை, விலை என்ற பேச்சே இல்லாமல், பெயர்களை ஒப்படைக்கச் சம்மதம் என்று இரண்டு வரி அனுப்பினேன். மூன்று வாரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எந்தப் பெயர் எடுத்தாலும் முதலில் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) நடத்தும் குளோபல் பிராண்டு டேட்டாபேஸில் தேடுகிறேன். இலவசம், இரண்டு நிமிடம் ஆகும். பிரபலமான பெயரின் எழுத்துப்பிழை வடிவங்களையும் தொடவே தொடாதீர்கள், அதுவும் இதே குழிதான்.

அடுத்தது மதிப்பீட்டு மோசடி. 60 டாலர்தான் போனது, ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாக மனதைப் புண்படுத்தியது இதுதான். ஆறு மாதமாக ஒரு விசாரிப்புகூட வராத நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "என் முதலீட்டாளர் உங்கள் பெயரில் ஆர்வமாக இருக்கிறார், என்ன விலை?" என்று மரியாதையான நடை. நான் தயங்கித் தயங்கி 3,000 என்றேன். "அவர் 14,000 வரை போகத் தயார்" என்று பதில் வந்தது. கேட்டதைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கொடுக்க ஒருவர் முன்வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இரண்டு மூன்று கடிதங்களுக்குப் பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். பெயருக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், கணினி போடும் மதிப்பீடு வேண்டாம், மனிதர்கள் செய்த மதிப்பீடாக இருக்க வேண்டும். எங்கே வாங்குவது என்று கேட்டேன். ஒரு விவாதப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார். அங்கே ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்க, இன்னொருவர் ஒரு தளத்தைச் சொல்லிப் பாராட்டியிருந்தார். அந்தத் தளத்தில் 60 டாலர் கட்டினேன். இரண்டு நாளில் அழகான சான்றிதழ் வந்தது, மதிப்பு 15,500 டாலர் என்று. அதை அனுப்பிய பிறகு அந்த மனிதரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. கேட்டவர், பாராட்டியவர், மதிப்பிட்டவர், வாங்க வந்தவர், எல்லாம் ஒரே கூட்டம். நிஜமாக வாங்க வருகிறவர் உங்களைப் பணம் கட்டச் சொல்ல மாட்டார். சான்றிதழோ, சரிபார்ப்புக் கட்டணமோ, என்ன பெயரில் கேட்டாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். இதே போல "உங்கள் பெயரை வேறொரு எக்ஸ்டென்ஷனில் ஒரு நிறுவனம் பதியப் போகிறது, முந்திக்கொள்ளுங்கள்" என்றும், உங்கள் ரிஜிஸ்ட்ரார் அல்லாத யாரோ "ரினியூவல் பில்" என்றும் அனுப்புவார்கள். படிக்காமலே அழித்துவிடலாம்.

இரண்டாம் வருடம் எனக்கு அறிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு காலாவதியான பெயர்களின் ஏலத்துக்குப் போனேன். மற்றவர்கள் ரினியூ செய்யாமல் விட்ட பெயர்கள் அங்கே வரும். பத்து வருடம், பதினைந்து வருடம் பழகிய பெயர்கள் என்பதால் காலிப் பெயர்களைவிடத் தரம் நன்றாகத்தான் இருக்கும், இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஏலத்தில் கடைசி ஐந்து நிமிடம் ஒரு போதை. நான் 80 டாலர் என்று முடிவு செய்து உட்கார்ந்த ஒரு பெயரை 210 டாலருக்கு எடுத்தேன். யாரோ ஒருவர் பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே இருந்தார். கடிகாரம் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குத் திரும்பிப் போனது. கடைசியில் எனக்கு அந்தப் பெயர் வேண்டும் என்பதைவிட அவரை ஜெயிக்க வேண்டும் என்பதுதான் இருந்தது. நான்கு மாதம் கழித்து உண்மையாகவே ஒருவர் அதைக் கேட்டு வந்தார், 900 டாலருக்குப் பேசி முடித்தோம். மறுநாள் அவருடைய தொழில்நுட்ப ஆள் ஒரு படத்தை அனுப்பினார். தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பெயரின் பழைய பக்கம். நடுவில் இரண்டு வருடம் அது சூதாட்டத் தளமாக இருந்திருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து மின்னஞ்சல் போனாலே ஸ்பேம் பட்டியல்கள் தடுத்தன. வியாபாரம் போயிற்று. ஏலத்துக்கு முன்னால் வேபேக் மெஷினில் நான் தேடியிருந்தால் எனக்கும் அதே படம் கிடைத்திருக்கும். பழைய பெயர் வாங்கினால் வருடம் வருடமாக அதன் பழைய பக்கங்களைப் பாருங்கள், தேடுபொறியில் அந்தப் பெயரை அடித்து என்ன வருகிறது என்று பாருங்கள். உச்சத் தொகையை ஏலத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டு, அதைத் தாண்டினால் திரையை மூடிவிட்டு எழுந்து போங்கள்.

அதே வருடம் என் பெயர் ஒன்றும் ஏலத்துக்குப் போனது, அதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. என் கணக்குகளில் ஒன்றில் நான் பயன்படுத்தாமல் விட்ட பழைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தேன். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டிருந்தேன், ஆனால் அதில் பதிந்திருந்த அட்டை காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல்கள் எல்லாம் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. நான் கவனித்தபோது 48 நாள் ஆகியிருந்தது. டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண ரினியூவல் கட்டணத்திலேயே மீட்க வாய்ப்பு உண்டு. அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் தண்டத் தொகை சேர்ந்துவிடும். அதன் பிறகு 5 நாள் அழிப்புக்குக் காத்திருக்கும், அந்த 5 நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கவனியுங்கள், பல ரிஜிஸ்ட்ரார்கள் அந்த முதல் கட்டத்திலேயே பெயரை ஏலத்துக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ஏற்கெனவே ஏலத்தில் 610 டாலருக்கு விற்றிருந்தது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல பெயர் அதுதான் என்பதை அந்தத் தொகையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அதில் ஒரு காசு எனக்கு வராது. பதறிப் போய் இன்னொன்றை 92 டாலர் கட்டி மீட்டேன். ஆறு மாதம் கழித்து நிதானமாக யோசித்தபோது அது 92 சென்ட்கூடப் பெறாத பெயர், நானே விட்டுவிட்டேன். எல்லாப் பெயரையும் ஒரே ரிஜிஸ்ட்ராரிடம், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்போடு வையுங்கள். காலாவதித் தேதிகளை அவர்களை நம்பி விடாமல் உங்கள் நாள்காட்டியிலும் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் பதியும்போது முகவரியைச் சரிபார்க்க ஒரு மின்னஞ்சல் வரும், 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் பெயரையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். இதுவும் தெரியாமல் பலர் திண்டாடுகிறார்கள்.

விற்பனைக்கு வருகிறேன். முதலில் வந்த உண்மையான விசாரிப்பையே கெடுத்துக்கொண்டேன். "இந்தப் பெயர் விற்பனைக்கா?" என்று ஒரு வரி. 5,000 டாலர் என்று பதில் போட்டேன், எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பதில் வரவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அவர் முன்னால் ஒரு சொல் சேர்த்து வேறு பெயர் பதிந்து தளமே தொடங்கியிருந்தார். அவர் ஒரு சின்னத் தொழில் செய்கிறவர், 300 கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அதன் பிறகுதான் நேம்பயோ என்ற தளத்தில் இதுவரை விற்ற பெயர்களின் விலையைத் தேடிப் பார்க்கப் பழகினேன். செய்தியில் வரும் கோடிகள் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் பெயரைப் போன்ற இரண்டு சொல் பெயர்கள் எவ்வளவுக்குப் போயிருக்கின்றன என்று பார்த்தால் பேராசை தானாக இறங்கும்.

முதல் விற்பனை 150 டாலர். நீளமான, நடுவில் கோடு போட்ட பெயரில் தளம் நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, என்னிடம் கோடு இல்லாத வடிவம் இருக்கிறது என்று மூன்று வரி எழுதினேன். அப்படி 40 பேருக்குத் தனித்தனியாக எழுதியதில் பதில் போட்டவர்கள் மூன்று பேர், ஒருவர் திட்டினார். வாங்கியவர் முன்பணம் அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய வழியில். நான் எஸ்க்ரோ வழியாகச் செய்யலாம் என்றேன், கட்டணத்தை அவரே ஏற்றார். நடுவில் இருக்கும் எஸ்க்ரோ நிறுவனத்திடம் வாங்குபவர் பணம் கட்டுவார், பணம் வந்துவிட்டது என்று அவர்கள் உறுதி சொன்ன பிறகு நாம் பெயரை மாற்றித் தருவோம், அவர் கைக்குப் பெயர் வந்ததும் பணம் நமக்கு விடுவிக்கப்படும். இதில் ஒரு எச்சரிக்கை: எஸ்க்ரோ தளத்தின் பெயரிலேயே போலிகள் உண்டு. "பணம் வந்துவிட்டது" என்ற மின்னஞ்சலை நம்பாதீர்கள், அதில் உள்ள இணைப்பையும் சொடுக்காதீர்கள். முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். நான் அப்படி மூன்று முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன்.

மாற்றும்போது இன்னொரு முடிச்சு. மூன்று வாரம் முன்னால்தான் அந்தப் பெயரை வேறு ரிஜிஸ்ட்ராரிடமிருந்து இங்கே கொண்டுவந்திருந்தேன். புதிதாகப் பதிந்த பெயரையும், இப்படி இடம் மாற்றிய பெயரையும் 60 நாள் வரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற விடமாட்டார்கள். வாங்கியவர் பயந்துவிட்டார், நான் ஏமாற்றுகிறேனோ என்று. அவரும் என் ரிஜிஸ்ட்ராரிடமே ஒரு இலவசக் கணக்கு தொடங்கினார், கணக்குக்குக் கணக்கு மாற்றிக் கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இந்த வழி இருப்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் இரண்டு நாள் பதற்றம் மிச்சம்.

மற்ற இரண்டு விற்பனையும் சந்தைத் தளங்கள் மூலம், விலையை வெளிப்படையாகப் போட்டு வைத்ததால் வந்தவை. 380 டாலருக்குப் போனதில் 20 சதவீதம் கமிஷன் போக 304. மூன்றாவது 1,200 டாலர், 15 சதவீதம் போக 1,020. அந்த மூன்றாவது பெயர் 26 மாதம் ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. ஒரு காலையில் போனை எடுத்தால் "உங்கள் பெயர் விற்றது" என்று வந்திருந்தது. வாங்கியவர் யார் என்றுகூடத் தெரியாது, பேரம் பேசவே இல்லை. அன்று வீட்டில் உண்மையைச் சொன்னேன், நஷ்டக் கணக்கோடு சேர்த்து.

அந்த மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மூன்றுமே ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் தினமும் வாயால் சொல்லும் இரண்டு சொற்கள். போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதிவிடுவார். அதே சொற்களை இன்னும் நீளமாக வைத்துக்கொண்டு தளம் நடத்துகிறவர்கள் தேடினால் பத்து இருபது பேர் கிடைத்தார்கள், டாட் காம் அல்லாத வடிவங்களும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. இப்போது ஒரு பெயரைப் பார்த்தால், அதை வாங்கக்கூடிய பத்து நிறுவனங்களின் பெயரை ஒரு தாளில் எழுத முயற்சி செய்கிறேன். பெரும்பாலும் மூன்றைத் தாண்டுவதில்லை, அப்போது விட்டுவிடுகிறேன்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் எடுக்கலாமா என்று பலருக்கு ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது, இரண்டு எடுத்தேன். உள்ளுக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஆங்கில எழுத்துச் சரமாகத்தான் சேமிக்கப்படுகிறது. சில இடங்களில் அந்தச் சரமாகவே தெரியும், அதில் மின்னஞ்சல் வைத்துக்கொள்வதும் சிரமம், வாங்குவோரும் மிகக் குறைவு. விற்கும் நோக்கத்தோடு எடுக்காதீர்கள். நான் ஒன்றை மட்டும் ஆசைக்காக வைத்திருக்கிறேன், அதை விற்பனைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இப்போது என்னிடம் 17 பெயர்கள். ஒரு அட்டவணையில் பெயர், வாங்கிய விலை, ரினியூவல் விலை, காலாவதித் தேதி, யார் வாங்கலாம், வந்த விசாரிப்புகள் என்று ஆறு கட்டங்கள். அடுத்த மாதம் ஐந்து பெயர்களுக்கு வாடகை கட்ட வேண்டும். இரண்டில் 'யார் வாங்கலாம்' என்ற கட்டம் இரண்டு வருடமாகக் காலியாகவே இருக்கிறது. நேற்று இரவு அவை இரண்டுக்கும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டேன்.